ஒம்பதாவது படிக்கிற பொண்ணு தற்கொலையில தோழிய இழக்கிற கதை, பசங்களுக்காக எழுதறேன். எத காட்டணும் எத காட்டக்கூடாது? வேலூர் பக்கத்து ஆளுங்க வாங்க

பாலாத்தங்கரை (காட்பாடி)

எல்லாருக்கும் வணக்கம். பதிமூணுல இருந்து பதினேழு வயசு பசங்க படிக்கிற மாதிரி ஒரு நாவல் எழுதிட்டு இருக்கேன், பாதிக்கு மேல தாண்டியாச்சு, இப்ப ஒரு எடத்துல நிக்குது, உங்க கிட்ட கேட்டுட்டு மேல போலாம்னு இத தொறக்கறேன்.

கதை குடியாத்தத்துல நடக்குது. கீர்த்தனாவும் மோனிஷாவும் கவர்மென்ட் கேர்ள்ஸ் ஸ்கூல்ல ஒம்பதாவது, ஒரே பெஞ்சு. மோனிஷாவோட அப்பாவுக்கு பேரணாம்பட்டுல தோல் ஷாப்புல, அதாவது தோல் பதனிடற எடத்துல வேல. அவ கிளாஸுக்குள்ள வரும்போது நாலு பொண்ணுங்க துப்பட்டாவ எடுத்து மூக்க மூடிக்குவாங்க. அவ்ளோதான், வாய தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, மிஸ் போர்டுல இருந்து திரும்பி பாத்தா துப்பட்டா பழையபடி தோள்ல இருக்கும். அப்புறம் அது இன்ஸ்டாவுக்கு போவுது, அவ போட்டோவ வெச்சு ஒரு பேஜ் ஆரம்பிக்கறாங்க. அரையாண்டு லீவுல மோனிஷா தற்கொலை பண்ணிக்கறா. மீதி நாவல் கீர்த்தனாவோட அடுத்த ஒரு வருஷம்.

என் குழப்பம் இதுதான். அந்த சாவ நேரா ஒரு அத்தியாயமா எழுதணுமா, இல்ல சேதியா மட்டும் வரட்டுமா. மோனிஷா ஒரு லெட்டர் எழுதி வெச்சிட்டு போறா, அத கடைசி அத்தியாயத்துல கீர்த்தனா படிக்கறான்னு பிளான் பண்ணி வெச்சிருக்கேன், அது சரியா. துப்பட்டா பொண்ணுங்கள்ல ஒருத்தி, ஹரிணின்னு பேரு, அவள எங்க கொண்டுபோய் நிறுத்தறது. எழுத்து ஃப்ரெண்டு ஒருத்தர் இந்த மாதிரி புக்க எந்த அப்பா அம்மாவும் வாங்கி தர மாட்டாங்கன்னு சொல்றார். அதுவும் மனசுல ஓடுது.

ஆற்காடு வாசகி

நான் அந்த அப்பா அம்மா பக்கம் நின்னு பேசறேன் தம்பி, கோச்சுக்காதீங்க. என் பொண்ணு எட்டாவது. லைப்ரரியில இருந்து வாரத்துக்கு ரெண்டு புக்கு எடுத்துட்டு வருவா, நான் எதையும் தடுத்ததில்ல. ஆனா இந்த விஷயத்துல எனக்கு பயமா இருக்கு. சாதாரண நாள்ல அவ மனசுல இல்லாத ஒரு யோசனைய ஒரு கதை கொண்டுவந்து வெச்சிரும்னா? அந்த பொண்ணு செத்தப்புறம்தான் எல்லாரும் அவள நெனச்சு அழறாங்க, அவள கிண்டல் பண்ணவங்க தல குனிஞ்சு நிக்கறாங்கன்னு எழுதினீங்கன்னா, படிக்கிற பொண்ணுக்கு அது எப்படி போய் சேரும்? நாமளும் செத்தாதான் நம்ம வலி இவங்களுக்கு புரியும்னு ஒரு கணக்கு போட்டுடாதா? பெரியவங்க படிக்கிற நாவல்ல என்ன வேணா எழுதுங்க. பதிமூணு வயசு வேற.

சாக்பீஸ் (கணியம்பாடி ஒன்றியம், கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர்)

ஆற்காடு அக்காவோட பயம் நியாயமான பயம். ஆனா அது "பசங்க மனசுல இல்லாத யோசனை"ங்கறத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன், ஏன்னா நான் வேல பாக்கற பிளாக்க பத்தியே ஒரு ஆராய்ச்சி இருக்கு, அத படிச்சப்புறம் அப்படி சொல்ல என்னால முடியல.

2004ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்தது, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி ஆளுங்க பண்ணது. கணியம்பாடி பிளாக்குல கிட்டத்தட்ட 1,08,000 ஜனங்க, 1992ல இருந்து 2001 வரைக்கும் நடந்த சாவு. 10ல இருந்து 19 வயசுக்குள்ள தற்கொலைல போனவங்க வருஷத்துக்கு லட்சம் பொண்ணுங்களுக்கு 148 பேர், லட்சம் பசங்களுக்கு 58 பேர். அந்த வயசுல செத்துப்போன பசங்கள்ல கால்வாசி தற்கொலை, பொண்ணுங்கள்ல பாதிக்கும் மேல. நாடு முழுக்க கூட்டி சொன்ன நம்பர் இல்ல இது, அடுக்கம்பாறைக்கும் கண்ணமங்கலத்துக்கும் நடுவுல நாம டவுன் பஸ்ல போற ஊருங்க.

இந்த நம்பர் எப்படி கெடச்சதுன்னு பாக்கணும். போலீஸ் கணக்க வெச்சு எடுக்கல. ஹெல்த் ஒர்க்கருங்க வீடு வீடா போய் உக்காந்து, இந்த புள்ள எப்படி போச்சுன்னு கேட்டு எழுதினது. பேப்பர்லயும் ஸ்டேஷன்லயும் "தீராத வயித்து வலி"ன்னு முடிச்சிட்ட சாவெல்லாம் அங்கதான் வெளிய வந்திருக்கும்னு நான் நெனைக்கறேன். பொண்ணுங்க நம்பர் பசங்களுத விட ரெண்டு மடங்குக்கு மேலன்னா அவங்க மேல இருக்கற அழுத்தம் எவ்ளோன்னு யோசிங்க. வயசுக்கு வந்ததும் ஸ்கூல நிறுத்தறது, மாமன் வீட்டுல பேசி முடிக்கறது, ஒரு பையன் கூட பேசுனத யாரோ பாத்துட்டு வீட்டுல சொல்றது.

இப்ப 2022ல நாடு முழுக்க தற்கொலைல போன மாணவர்கள் மட்டும் 13,044 பேர்னு என்சிஆர்பி, அதாவது மத்திய அரசோட குற்ற ஆவண காப்பகத்து கணக்கு சொல்லுது. பசங்களுக்கு இது தெரியும். அடுத்த தெருவுல நடந்திருக்கும், சொந்தத்துல நடந்திருக்கும். அத பத்தி பேச ஒரு பெரியவங்களும் இல்லங்கறதுதான் நெலம. அந்த எடத்துல ஒரு நல்ல கதை போய் உக்காந்தா நல்லதுதான். எப்படி எழுதறோம்ங்கறதுல எல்லாம் இருக்கு, அதுல அக்கா சொன்ன அந்த "செத்தா புரியும்" கணக்கு ரொம்ப சரியான எச்சரிக்கை.

நைட் டூட்டி (பாகாயம்)

மனநல வார்டுல நர்ஸா இருக்கேன். ரெண்டு பேரும் சொன்னது ரெண்டும் ஆராய்ச்சியில இருக்கு.

1774ல ஜெர்மன் எழுத்தாளர் கதே எழுதின ஒரு நாவல்ல நாயகன் தற்கொலை பண்ணிக்குவான். அத படிச்சிட்டு இளைஞர்கள் அதே மாதிரி பண்றாங்கன்னு சில ஊர்ல அந்த புக்கையே தடை பண்ணாங்க. 1974ல டேவிட் பிலிப்ஸ்னு ஒரு சமூகவியலாளர் பேப்பர்ல முதல் பக்கத்துல பெருசா போட்ட தற்கொலை சேதிக்கப்புறம் எண்ணிக்கை ஏறுதுன்னு காட்டி, அந்த நாவல் நாயகன் பேரையே வெச்சு வெர்தர் விளைவுன்னாரு. நம்ம காலத்துக்கு வந்தா, ஜே ஆஷர் 2007ல எழுதின தர்ட்டீன் ரீசன்ஸ் வொய் நாவல் 2017 மார்ச் கடைசியில நெட்ஃபிளிக்ஸ்ல சீரியலா வந்துச்சு. அதுக்கடுத்த மாசம் அமெரிக்காவுல 10ல இருந்து 17 வயசு பசங்க தற்கொலை எதிர்பாத்தத விட 28.9 சதவீதம் கூடுதலா இருந்துச்சுன்னு 2019ல ஒரு ஆய்வு வந்தது. சீரியல்தான் காரணம்னு அத வெச்சு நிரூபிக்க முடியாதுன்னு அவங்களே சொன்னாங்க, வேற ஆளுங்க அதே கணக்க திரும்ப போட்டுட்டு சந்தேகமும் எழுப்பினாங்க. ஆனா 2019 ஜூலைல நெட்ஃபிளிக்ஸ் அதுல வர்ற ஸ்கூல் பொண்ணோட சாவு காட்சிய முழுசா வெட்டி எடுத்துருச்சு, அத மறக்கக்கூடாது.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு, யாரும் பேசறதில்ல. மொசார்ட்டோட 1791 ஓபராவுல பாபகேனோன்னு ஒருத்தன் சாகலாம்னு போவான், மூணு சின்ன பசங்க வந்து வேற வழி இருக்குன்னு காட்டுவாங்க, திரும்பிடுவான். 2010ல ஆஸ்திரியாவுல ஒரு ஆய்வு. தற்கொலை யோசனை வந்தவங்க அத எப்படி தாண்டி வந்தாங்கன்னு சொல்ற செய்திங்க வந்த எடத்துல எண்ணிக்கை கொறஞ்சுது. பாபகேனோ விளைவுன்னே பேர். சொல்றது ஆபத்தில்ல, என்ன சொல்றோம்ங்கறதுலதான் ஆபத்தும் மருந்தும் ரெண்டும் கீது.

அதனால தம்பி, எப்படி செஞ்சுகிட்டா, எங்க, எத வெச்சு, இது ஒரு வரி கூட வேணாம். சேதியா மட்டும் வரட்டும். அந்த லெட்டரையும் எடுத்துடுங்க. லெட்டர் வந்துட்டா செத்தவளுக்கு கடைசி வார்த்தை கெடச்சிருச்சு, எல்லாருக்கும் பதில் சொல்லிட்டா, ஜெயிச்சிட்டாங்கற மாதிரி ஆயிடும். ஆற்காடு அக்கா பயப்படறது அங்கதான்.

பிளஸ்டூ_சத்துவாச்சாரி

அண்ணா நான் பன்னெண்டாவது, இந்த குரூப்ல எல்லாரும் பெரியவங்களா இருக்கீங்க நான் பேசலாமான்னு தெரியல ஆனா சொல்றேன். எங்களுக்கு இதெல்லாம் புக்குல வந்துதான் தெரியணும்னு இல்ல, ரீல்ஸ்ல சோகப்பாட்டு போட்டு "நான் போனா அழுவியா"ன்னு டெய்லி வருது, ஸ்டேட்டஸ்ல வெப்பாங்க, நாங்க ஹார்ட் போட்டுட்டு ஸ்க்ரோல் பண்ணிட்டு போவோம், அது சீரியஸா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. எங்க டியூஷன்ல ஒருத்தன் நைட்டு பதினோரு மணிக்கு மெசேஜ் போட்டான், மச்சி முடியல டா எல்லாம் முடிச்சிக்கலாம் போல இருக்குன்னு, யார் கிட்டயும் சொல்லாதன்னான். நான் மறுநாள் காலைல பி.டி சார் கிட்ட போய் சொல்லிட்டேன். அவன் கொஞ்ச நாள் என் கூட பேசல, துரோகின்னான். இப்ப பேசறான், நல்லா இருக்கான்.

நான் கேக்கறது என்னன்னா கதையில இந்த மாதிரி ஒரு சீன் வேணும் அண்ணா. சொல்லாதன்னு சத்தியம் வாங்கினா சொல்லலாமா கூடாதா. எங்க வயசுல சத்தியத்த உடைக்கறது பெரிய விஷயம், அத யாரும் புரிஞ்சிக்க மாட்டாங்க, உடனே "சொல்லிருக்கணும்டா"ன்னு ஈஸியா சொல்லிடுவாங்க. அந்த ஒரு நைட்டு எப்படி இருக்கும்னு எழுதுங்க.

பாலாத்தங்கரை

தம்பி நீ கட்டாயம் பேசணும், உனக்காகத்தான் எழுதறேன். காலைல பி.டி சார் ரூம் வாசல்ல நீ நின்ன நேரம் எவ்ளோ கஷ்டமா இருந்திருக்கும்னு எனக்கு தெரியுது. நீ செஞ்சது பெரிய காரியம்.

நர்ஸ் அக்கா, லெட்டர் போச்சு. சாவு அத்தியாயமும் போச்சு. லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறக்கற நாள்ல இருந்து ஆரம்பிக்கறேன்.

படவேடு ரோடு

ரொம்ப நாளா இந்த குரூப்ல படிச்சிட்டு மட்டும் இருக்கேன், எழுதினது இல்ல. என் தங்கச்சி பத்தாவது படிக்கும்போது தற்கொலைல போனா. எனக்கு அப்ப காலேஜ் மொத வருஷம். லெட்டர் எடுத்துட்டேன்னு நீங்க சொன்னத பாத்துதான் எழுத தோணுச்சு.

எங்க வீட்டுல லெட்டர் இல்ல. ஒண்ணும் இல்ல. பதினாறாம் நாள் காரியம் முடியற வரைக்கும் வந்தவங்க எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான், இன்னா காரணம். காபி டம்ளர கையில வாங்கும்போதே கேப்பாங்க. ஒருத்தர் மார்க்கும்பாரு, ஒருத்தர் எதாவது பையன் விஷயமாம்பாரு, என் அத்த ஒருத்தி எங்கம்மா மொகத்த பாத்து நீ அவள ரொம்ப கண்டிச்சியான்னு கேட்டா. எங்கம்மா அன்னைக்கு சாயங்காலத்துல இருந்து யார் கூடவும் பேசறத நிறுத்திட்டாங்க. அப்பா வெளிய கேட்டா வயித்து வலின்னாரு. இப்பவும் அப்படித்தான் சொல்றாரு. நான் அவர தப்பு சொல்ல மாட்டேன், என் தங்கச்சிய பத்தி ஊரு பேசறத அவரால தாங்க முடியல.

என்கிட்ட யாரும் எதுவும் கேக்கல தெரியுங்களா. இனிமே நீதான் அம்மாவ பாத்துக்கணும்னு தோள தட்டிட்டு போனாங்க. அவ்ளோதான் எனக்கு கெடச்ச ஆறுதல். எனக்கு அவ மேல கோவம் வந்துச்சு, பயங்கரமா வந்துச்சு, செத்தவங்க மேல யாராவது கோவப்படுவாங்களான்னு நெனச்சு அதையும் உள்ளயே போட்டு வெச்சேன். அவ சைக்கிள யாரோ கேட்டாங்கன்னு அப்பா குடுத்துட்டாரு, அன்னைக்கு நான் சாப்பிடல, ஏன்னு யாருக்கும் புரியல, சைக்கிளுக்கு போயி இவ்ளோவான்னாங்க.

அதனால கேக்கறேன். கீர்த்தனாவுக்கு கோவம் வரட்டும். சிரிப்பும் வரட்டும், மோனிஷா போன பத்தாவது நாள்ல எதுக்காவது விழுந்து விழுந்து சிரிச்சிட்டு அப்புறம் அதுக்காக தன்னையே வெறுத்துக்கட்டும், எனக்கு அப்படி நடந்துச்சு. காரணம் இதுதான்னு கடைசி வரைக்கும் சொல்லாதீங்க. துப்பட்டாவும் ஒண்ணு, இன்ஸ்டாவும் ஒண்ணு, வீட்டுல எதோ ஒண்ணு, அவளுக்குள்ள யாருக்கும் தெரியாத எதோ ஒண்ணு. ஒரே காரணத்த கண்டுபிடிச்சு கையில குடுக்கற கதைய படிச்சா, என்னை மாதிரி ஆளுங்க திரும்ப அந்த காபி டம்ளர் கேள்விக்குதான் போவோம்.

சாக்பீஸ்

படவேடு அண்ணா, எழுதினதுக்கு நன்றி. உங்க அம்மா எப்படி இருக்காங்கன்னு கேக்க தோணுது, சொல்லணும்னு இல்ல.

பாலாத்தங்கரை, ஸ்கூல் தொறக்கற நாள்னு சொன்னீங்களே, அதுக்கு உள்ள இருந்து ஒரு விஷயம் தரேன். அட்டெண்டன்ஸ். ரோல் நம்பர் பதினாறு சொல்லிட்டு மிஸ் நிறுத்துவாங்க, பதினேழ சொல்லவும் முடியாது தாண்டவும் முடியாது. நோட்டுல செவப்பு மைல ஒரு கோடு போடணும். எமிஸ்ல, அதான் பசங்க விவரம் ஏத்தற கவர்மென்ட் வெப்சைட்ல, அந்த புள்ள பேர ஸ்கூல் லிஸ்ட்ல இருந்து எடுத்து காமன் பூலுக்கு மாத்தும்போது காரணம் கேக்கும், ஒரு சின்ன டப்பாவுல ஒண்ண தேர்ந்தெடுத்து க்ளிக் பண்ணணும், அத பண்ற டீச்சரும் ஒரு மனுஷிதான். மதியம் சத்துணவு எண்ணிக்கைல ஒண்ணு கொறச்சு எழுதணும். பெஞ்சுல அந்த எடம் காலியா இருக்கும், பசங்க பையக்கூட அங்க வெக்க மாட்டாங்க. கொஞ்ச நாள் கழிச்சு ஒரு மிஸ் வந்து எல்லாரையும் எடம் மாத்தி உக்கார வெப்பாங்க, நல்ல மனசோடதான் பண்ணுவாங்க, ஆனா கீர்த்தனாவுக்கு அது எப்படி இருக்கும்?

இன்னொண்ணு, டீச்சருங்கள எல்லாம் வில்லனா எழுதாதீங்க, எல்லாரையும் தெய்வமாவும் எழுதாதீங்க. கல்வி உரிமை சட்டம் 2009லயே பசங்கள அடிக்கவோ மனசு நோக பேசவோ கூடாதுன்னு பதினேழாவது பிரிவு இருக்கு. எல்லாருக்கும் தெரியும். ஆனா அப்பா தொழில சொல்லி ஒரு புள்ளைய கூப்பிடறது மனசு நோகற விஷயம்னு பல பேருக்கு தோணறதே இல்ல. "டேய் தோல்ஷாப்பு"ன்னு டீச்சரே ஒரு தடவ செல்லமா கூப்பிட்டுட்டா போதும், கிளாஸுக்கே லைசன்ஸ் குடுத்த மாதிரி.

ஆம்பூர் அத்த

ஏம்பா நான் ஒண்ணு கேக்கறேன். தோல் ஷாப்புல வேல பாக்கற வீட்டு புள்ளைங்க எங்க தெருவுல எத்தினி கீது தெரியுமா. நாத்தம்னு சொல்றது மூக்க வெச்சு சொல்றது இல்ல, ஜாதிய வெச்சு சொல்றது. அத ஏன் மூடி மூடி எழுதணும்? இங்கிலீஷ் கதைல வர்ற மாதிரி குண்டா கீறான், கண்ணாடி போட்டுகினு கீறான்னு கிண்டல் பண்றது மட்டும் நம்ம ஊர்ல நடக்கல. 2023ல நாங்குநேரில ஸ்கூல் பையனையும் அவன் தங்கச்சியையும் வீடு பூந்து வெட்டினதுக்கப்புறம் ஜட்ஜு சந்துரு தலைமைல கமிட்டி போட்டாங்கல்ல, 2024ல அவரு குடுத்த அறிக்கைல கையில கட்ற கலர் கயிறு, நெத்தில வெக்கற பொட்டு வரைக்கும் ஸ்கூலுக்குள்ள ஜாதி அடையாளம் எதுவும் கூடாதுன்னு எழுதிக்கீறாரு. தெக்க மட்டும்தான் இதெல்லாம்னு நம்ம பக்கம் சொல்லிகினு கீறாங்க. வடக்காற்காட்டுல கயிறு கட்ட வேணாம், எந்த தெருவுல இருந்து வரேன்னு கேட்டா போதும், எல்லாம் தெரிஞ்சி போவும்.

அந்த ஹரிணி பொண்ண பத்தி. அவள ஒழிச்சு கட்டாத. பதினாலு வயசு புள்ள அது. வீட்டுல அவங்க ஆயா கத்து குடுத்தததான் அவ ஸ்கூல்ல செஞ்சா. மோனிஷா போனப்புறம் ஊரு மொத்தமும் அந்த பொண்ண கொலகாரின்னு சொன்னா, அடுத்து அவ என்ன ஆவா? அத யோசிச்சி எழுது. மன்னிக்கணும்னு சொல்லல, மன்னிக்கறதும் மன்னிக்காததும் கீர்த்தனா இஷ்டம். ஆனா செஞ்சத செஞ்சோம்னு அவ வாயால ஒரு நாள் சொல்லணும்.

நைட் டூட்டி

ஆம்பூர் அத்த சொன்னது நூத்துக்கு நூறு. ஒரு சாவுக்கப்புறம் ரொம்ப கவனிக்க வேண்டியது உயிரோட இருக்கற பசங்களத்தான், நெருங்குன தோழியையும் கவனிக்கணும், கிண்டல் பண்ணவளையும் கவனிக்கணும். ஒரு ஸ்கூல்ல ஒண்ணு நடந்தா பக்கத்துல இன்னொண்ணு நடக்கற ஆபத்து இந்த வயசுல ரொம்ப ஜாஸ்தி. அதனாலதான் ஃபிளெக்ஸ் வெச்சு மால போட்டு பெருசா அஞ்சலி நடத்த வேணாம்னு சொல்லுவோம். துக்கத்த மறைக்கவும் கூடாது, செத்தவள கதாநாயகி ஆக்கவும் கூடாது. ஸ்கூல்ல ரெண்டு பேர் தனியா உக்காந்து பேச எடமும் பெரியவங்க ஒருத்தரும் இருந்தா போதும்.

பிளஸ்டூ தம்பிக்கு: உயிர் விஷயத்துல ரகசியம்னு ஒண்ணு கெடையாது, சத்தியம் செல்லாது. இத கதைல ஒரு பெரியவங்க வாயில வெக்காம, கீர்த்தனாவே கஷ்டப்பட்டு கண்டுபிடிக்கட்டும். இன்னொண்ணும் சொல்றேன், "உனக்கு செத்துரலாம்னு தோணுதா"ன்னு நேரா கேட்டா அந்த யோசனைய நாமளே விதைக்கறோம்னு எல்லாரும் பயப்படறாங்க. அப்படி இல்ல. கேட்டா அவங்களுக்கு மூச்சு விட எடம் கெடைக்கும். இது வார்டுல நாங்க தெனம் கேக்கற கேள்வி.

பலவருஷ எடிட்டர் (வாலாஜா)

பசங்க புத்தகம் எடிட் பண்ற வேல. அப்பா அம்மா வாங்க மாட்டாங்கன்னு சொன்ன அந்த நண்பருக்கு ஒரு பதில். அட்டையில ஒண்டியா நிக்கற பொண்ணு, இருட்டு, மழை, இந்த மாதிரி படம் வேணாம். சாவ வெச்சு விக்காதீங்க. ரெண்டு பொண்ணுங்க ஒரே சைக்கிள்ல போற மாதிரி இருந்தா போதும். மொத பக்கத்துல ரெண்டு வரில இந்த கதையில ஒரு தோழியோட தற்கொலையும் கிண்டலும் வருதுன்னு நேர்மையா போட்டுடுங்க, படிக்கிற புள்ளயும் தயாரா இருக்கும், அம்மாவும் மொதல்ல தான் படிச்சிட்டு குடுப்பாங்க. பின்னால உதவி எண்களும் வேணும். 14416 டெலிமானஸ், நாட்டுக்கே பொது, 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, தமிழ்ல பேசலாம், இருபத்துநாலு மணி நேரமும், காசு கெடையாது. சென்னைல லட்சுமி விஜயகுமார் டாக்டர் 1986ல தொடங்கின சிநேகா, 044-24640050. குழந்தைங்களுக்கு 1098.

முடிவு எல்லாம் சரியாயிருச்சுன்னு இருக்க வேணாம். ஆனா கீர்த்தனா பத்தாவது கிளாஸ்ல போய் உக்காரணும்.

பிளஸ்டூ_சத்துவாச்சாரி

சார் அந்த நம்பர் எல்லா புக்கு பின்னாலயும் இருக்கு ஸ்கூல் பாடப்புக்குலயே இருக்கு ஆனா யாரும் அடிக்க மாட்டோம். ஏன்னா ஃபோன் அம்மாவுது. கூப்பிட்டா ஹிஸ்டரில இருக்கும். வீடு ஒரே ரூம், எங்க போய் பேசறது, வெளிய போனா எங்கடா போறன்னு கேப்பாங்க, மாடிக்கு போனா ஹவுஸ் ஓனர் ஆயா துணி காயப்போட வரும். இதெல்லாம் யாருமே யோசிக்க மாட்டாங்க. கதையில அவ அந்த நம்பருக்கு கூப்பிடற மாதிரி இருந்தா எப்படி கூப்பிட்டா எங்க நின்னு கூப்பிட்டா அந்த பக்கம் மொதல்ல என்ன கேட்டாங்க அதெல்லாம் வேணும் அண்ணா, அப்பதான் நாங்க நம்புவோம்.

நைட் டூட்டி

தம்பி சொன்னதுதான் இந்த முழு பேச்சுலயும் ரொம்ப உபயோகமான விஷயம். பாலாத்தங்கரை, ஒரு அத்தியாயம் முழுசா இதுக்கு குடுங்க. அந்த பக்கம் இருக்கறவங்க எடுத்ததும் திட்ட மாட்டாங்க, அட்வைஸ் பண்ண மாட்டாங்க, பேசற எடம் பாதுகாப்பா இருக்கான்னு கேப்பாங்க, அப்புறம் கேட்டுட்டே இருப்பாங்க. அழுதா அழ விடுவாங்க.

இன்னொரு பயமும் நம்ம ஊர்ல இருக்கு, ஆஸ்பத்திரிக்கு போனா போலீஸ் கேஸ் ஆயிடும்னு. 2017 மனநல சட்டத்துல 115வது பிரிவு, முயற்சி பண்ணவங்கள கடுமையான மன அழுத்தத்துல இருந்தவங்கன்னு எடுத்துகிட்டு சிகிச்சை குடுக்கணும், தண்டிக்கக்கூடாதுன்னு சொல்லுது. முயற்சி பண்ணதையே குத்தம்னு சொன்ன பழைய ஐபிசி 309 மாதிரி பொதுவான ஒரு பிரிவு 2024 ஜூலைல வந்த புது சட்டத்துல கெடையாது. இது தெரியாம வீட்டுலயே வெச்சு வைத்தியம் பாத்து நேரத்த விட்டுடறாங்க. கதைல ஒரு ஆட்டோக்காரர் இத சொன்னா கூட போதும்.

ஆற்காடு வாசகி

எல்லாத்தையும் படிச்சேன். படவேடு தம்பி எழுதினத என் வீட்டுக்காரருக்கும் படிச்சு காட்டினேன், அவரு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

என் பயம் முழுசா போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா புக்க ஒளிச்சு வெக்கறதுனால ஒண்ணும் ஆவப்போறதில்ல, அது எனக்கு இப்ப தெளிவா இருக்கு. நான் கேக்கறது ஒண்ணுதான் பாலாத்தங்கரை, அந்த கதையில ஒரு அம்மாவ வைங்க. பெரிய படிப்பு படிச்ச அம்மா வேணாம், பீடி சுத்தற அம்மாவா இருக்கட்டும், குடியாத்தத்துல எத்தன வீட்டுல இருக்காங்க. மகளுக்கு இன்னா ஆச்சுன்னு அவளுக்கு புரியல, எப்படி கேக்கறதுன்னும் தெரியல, ஆனா நைட்டு படுக்கும்போது பக்கத்துல வந்து படுத்துகிட்டு, நீ சொல்றப்ப சொல்லு நான் எங்கயும் போவலன்னு சொல்றா. அவ்ளோதான் அந்த அம்மா செய்யணும். என்னை மாதிரி இருக்கறவங்களுக்கு என்ன செய்யறதுன்னு அத படிச்சாதான் தெரியும்.

எழுதி முடிச்சதும் எனக்கு அனுப்புங்க. மொதல்ல நான் படிப்பேன், அப்புறம் என் பொண்ணு கூட உக்காந்து படிப்பேன்.

படவேடு ரோடு

சாக்பீஸ் டீச்சர், அம்மா இருக்காங்க. போன வருஷத்துல இருந்து கோயிலுக்கு போறாங்க, அக்கம்பக்கத்துல பேசறாங்க. என் தங்கச்சி பேர வீட்டுல சொல்ல ஆரம்பிச்சிருக்கோம், அவளுக்கு புடிச்ச கொழம்பு வெக்கும்போது இது அவளுக்கு புடிக்கும்ல அப்படின்னு. முன்ன அது கூட முடியாது.

பாலாத்தங்கரை, உங்களுக்கு எதாவது கேக்கணும்னா தனியா மெசேஜ் பண்ணுங்க. பேசறேன்.

பாலாத்தங்கரை

கட்டாயம் பண்றேன் அண்ணா, உங்களுக்கு முடியறப்ப, உங்களுக்கு வேண்டிய அளவுக்கு மட்டும்.

மத்தவங்களுக்கு, நான் எடுத்துகிட்டது இதெல்லாம். சாவு காட்சி, லெட்டர் ரெண்டும் இல்ல. காரணத்த ஒரே எடத்துல கட்டி வெக்க மாட்டேன். ஜாதிய மூட மாட்டேன். ஹரிணி கடைசி வரைக்கும் கதையில இருப்பா. பீடி சுத்தற அம்மா வராங்க, ஏற்கனவே ஒரு பாட்டி இருந்தாங்க கதையில, அவங்கள எடுத்துட்டு அம்மாவுக்கு எடம் குடுக்கறேன். ஃபோன் அத்தியாயத்த இன்னைக்கு நைட்டே எழுத ஆரம்பிக்கறேன். கீர்த்தனா வீட்டுல மாடி கெடையாது, அதனால அவ ரேஷன் கடைக்கு போற சாக்குல அம்மா ஃபோன எடுத்துட்டு போறா, கூட்டம் இருக்குன்னு சொல்லிடலாம், அந்த நேரத்துல கவுண்டன்ய ஆத்து பாலத்துகிட்ட நின்னு பேசறான்னு யோசிச்சேன். சரியா வருமா?

சாக்பீஸ்

பாலம் வேணாம் பாலாத்தங்கரை, ஆபத்தான எடமா படிக்கிற புள்ள மனசுல பதியும், நர்ஸ் அக்காவும் இததான் சொல்லுவாங்க. ரேஷன் கடை பக்கத்து நெழல்ல ஒரு திண்ணைல உக்காந்து பேசட்டும், ஜனங்க நடமாட்டம் இருக்கற எடமா இருக்கட்டும்.

அப்புறம் தேதிய சரி பாருங்க. அரையாண்டு லீவு டிசம்பர் கடைசில, ஸ்கூல் ஜனவரி மொத வாரம் தொறக்கும், பத்து நாள்ல திரும்ப பொங்கல் லீவு வந்துரும். அந்த நடுவுல இருக்கற கொஞ்ச நாளுக்குள்ள அட்டெண்டன்ஸ், காலி பெஞ்சு, எடம் மாத்தறது மூணும் நடக்கணும். பொங்கலன்னைக்கு கீர்த்தனா வீட்டுல கோலம் போடுவாங்களா மாட்டாங்களா, மோனிஷா வீடு ரெண்டு தெரு தள்ளிதானே, அதையும் முடிவு பண்ணிக்கோங்க. ஃபோன் அத்தியாயம் முடிஞ்சதும் பிளஸ்டூ தம்பிக்கு மொதல்ல அனுப்புங்க, அவன் ஓகே சொன்னப்புறம் எங்களுக்கு.